வானுக்குள் ஒரு பாய்

கிளிநொச்சியில் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை ஒருவன் கராஜ் வைத்திருக்கிறான். அதன் பின்வளவில் ஒரு பாலை மரத்துக்குக் கீழே என்ஜின் இறக்கிய டொல்பின் வான் ஒன்று ஒன்றரை வருடமாக நிற்கிறது, சில்லுகள் இல்லை, நாலு பக்கமும் கல் அடுக்கி வைத்திருக்கிறான். போன மாசி மாதம் ஸ்கூட்டியை பிரேக் பார்க்கக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கப் பிடிக்காமல், கைப்பையில் கிடந்த தையல் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அந்த வானுக்குள் ஏறிவிட்டேன். குறுக்கே ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. நான் ஐந்தடி ஒரு அங்குலம். சாரதி இருக்கைக்குப் பின்னால் நீளம் ஒன்பதடிக்குக் கிட்ட. உயரம் நாலடி சொச்சம், அதாவது உள்ளே எவரும் நிமிரமுடியாது.

"ரீச்சர், உதுக்குள்ள என்ன தேடுறியள்?"

"தேடேல்லத் தம்பி, அளக்கிறன்."

"சீற் போடவோ?"

"இல்லை, கட்டில்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டு, "அப்ப நீளப்பாட்டுக்குப் போடுங்கோ ரீச்சர், குறுக்கப் போட்டா கால் மடக்கவேணும்" என்றான். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆதரவு அதுதான். ஊரில் வேறு எவரும் கட்டில் எந்தப் பக்கம் என்கிற அளவுக்கு வரவே இல்லை, "உனக்கு விசரே" என்பதோடு நின்றுவிட்டார்கள்.

வருகிற தையோடு எனக்கு 58 முடிகிறது. அரச வேலையில் 60 இல் ஓய்வு. இடையில் அதை 65 ஆக்கினார்கள், பிறகு 2022 இல் பொருளாதாரம் விழுந்த கையோடு மறுபடி 60 ஆக்கினார்கள், ஆசிரியர் அறையில் பாதிப்பேர் அழுதார்கள், நான் வெளியில் சொல்லாமல் சந்தோசப்பட்டேன். பணிக்கொடையாக வருகிற காசில் எல்லாரும் செய்வது ஒன்றில் மாடிப் படிக்கட்டு, இல்லாவிட்டால் மகளுக்கு இன்னொரு சங்கிலி. எனக்கு ஒரு பழைய வான் வேண்டும். அதற்குள் ஒரு பாய், ஒரு அடுப்பு, இரண்டு கோப்பை. வருடத்தில் நாலைந்து மாதம் அதற்குள் இருந்துகொண்டு இந்தத் தீவைச் சுற்றவேண்டும். அவ்வளவுதான் ஆசை. வீட்டை விற்கப்போவதில்லை, துறவறம் பூணப்போவதும் இல்லை.

அவுஸ்திரேலியாவில் இது பெரிய விஷயமே இல்லையாம். ஓய்வு பெற்ற கிழவன் கிழவிகள் கரவனை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுவார்கள், அவர்களுக்கு கிரே நோமட்ஸ் என்று பட்டப்பெயரே உண்டு, மெல்பேர்னில் இருக்கும் என் தங்கச்சி சொல்லுவாள். அங்கே நாட்டைச் சுற்றி ஓடுகிற முதலாம் இலக்க நெடுஞ்சாலை மட்டும் 14,000 கிலோமீற்றருக்கு மேல். எங்கள் தீவு வடக்குத் தெற்காக 430 கிலோமீற்றர் சொச்சம். காலையில் பருத்தித்துறையில் பிட்டுச் சாப்பிட்டு வெளிக்கிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு மாத்தறை. ஆகவே எனக்குத் தூரம் ஒரு சிக்கல் இல்லை, அவசரப்படாமல் இருப்பதுதான் சிக்கல். மகள் யூடியூபில் இருந்து அனுப்புகிற காணொளிகளில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வானுக்குள் மரப்பலகை அடித்து, பூச்சாடி தொங்கவிட்டு, வெள்ளைப் படுக்கைவிரிப்பு விரித்திருக்கிறார்கள். வன்னிச் செம்மண்ணில் வெள்ளை விரிப்பு! பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த காணொளியையும் பார்த்தேன்.

இவரிடம் சொன்னபோது உடனே ஒன்றும் பேசவில்லை. வாய்க்கால் பார்த்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துத் துவாயால் துடைத்த பிறகுதான் சொன்னார்.

"உருத்திரபுரத்தில இருந்து மாத்தளன் மட்டும் பெட்டிக்குள்ளதானே குடியிருந்தனீர். அது காணாதே உமக்கு?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கனநாள் பிடித்தது.

2008 ஐப்பசியில், கடைசி யுத்தம் கிட்ட வந்தபோது, நாங்கள் உருத்திரபுரத்தை விட்டு வெளிக்கிட்டோம். வீட்டை விட்டுவிட்டு அல்ல, வீட்டையும் கொண்டு. அந்தக் காலத்தில் வன்னியில் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். கூரை ஓடு, தீராந்தி, கதவு, யன்னல் எல்லாவற்றையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கி, அதற்கு மேல் நெல் மூட்டை, அதற்கு மேல் மாமி, பிள்ளைகள் இரண்டு, கூட்டுக்குள் ஆறு கோழி, என் தையல் மெசின். பரந்தன், தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை. வரைபடத்தில் பார்த்தால் ஒரு விரல் நீளம்கூட வராத தெருவுக்கு ஆறு மாதம் எடுத்தது. எங்கே நிறுத்தினாலும் பெட்டியில் இருந்து முதலில் இறங்குவது மண்வெட்டி. இவர் பங்கர் வெட்டத் தொடங்குவார், அதற்குப் பிறகுதான் தறப்பாள், அதற்குப் பிறகுதான் அடுப்பு.

ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒன்று குறைந்தது. விசுவமடுவில் ஓடுகளை இறக்கிவிட்டோம், திரும்பி வந்து எடுக்கலாம் என்று. உடையார்கட்டில் கதவுகள். தேவிபுரத்தில் தையல் மெசின், அதை ஒரு தென்னைக்குக் கீழே சாக்குப் போட்டு மூடி வைத்தேன், யாரோ பத்திரமாக வைத்திருப்பார்கள் போல. இரணைப்பாலையில் உழவு இயந்திரத்தையே விட்டோம். 2009 சித்திரையில் மாத்தளனால் வெளியே வந்தபோது என் கையில் ஒரு சொப்பிங் பையும் அதற்குள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இருந்தன. அதற்குப் பிறகு செட்டிகுளம் முகாம். அதைப்பற்றி இங்கே எழுதவில்லை.

சின்ன இடத்தில் குடும்பம் நடத்த எனக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். ஆனால் இவருடைய கேள்விக்கு அது பதில் இல்லை. எனக்கு நானே கண்டுபிடித்து வைத்திருந்த பதில் இது: பெட்டிக்குள் இருக்கிறவர்களுக்கு முன்னால் வருகிற தெரு தெரியாது. மூட்டையில் சாய்ந்துகொண்டு பின்பக்கம் பார்த்தபடிதான் இருப்போம். ஆறு மாதமாக நான் பார்த்தது எங்களை விட்டுப் போகிற தெருவை மட்டும். 50 வயதில் வாகனம் ஓட்டப் பழகினேன். எல் போட் கட்டிக்கொண்டு ஏ-9 இல் முறிகண்டிப் பக்கம் முதல்முதல் போன நாளில், தெரு என்னை நோக்கி வருவதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துப்போயிற்று, பழக்குகிற பொடியன் பயந்துபோய் "அன்ரி, பிரேக்கை மிதியுங்கோ" என்று கத்தினான். அப்போதே முடிவெடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வான் வாழ்க்கை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்கிறார்கள். எங்கள் அப்பா காலத்தில் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கும் புதூர் நாகதம்பிரான் கோயிலுக்கும் கூடார வண்டில் கட்டித்தான் போவார்கள். வண்டிலுக்குள் வைக்கோல், அதற்கு மேல் பாய், அச்சுக்குக் கீழே தொங்குகிற வாளி, பானை, அரிசி, தேங்காய். மத்தியானம் மர நிழலில் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சமையல், இரவு வண்டிலுக்குள் நித்திரை. மடு மாதா திருவிழாவுக்கு ஆவணியில் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் கொட்டில் போட்டு நாட்கணக்கில் இருப்பார்கள், இப்போதும் இருக்கிறார்கள். செல்வச்சந்நிதி கோயிலில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற சாமிமார் வன்னியைக் கடந்துதான் போகிறார்கள், அதில் என்னைவிட வயது போன பொம்பிளைகள் எத்தனை பேர். ஒரு துணிப்பை, ஒரு தடி, இரவில் கோயில் மண்டபம். அவர்களிடம் எவரும் "விசரே" என்று கேட்பதில்லை, காலில் விழுகிறார்கள். வேல் கையில் இருந்தால் பக்தி, ஸ்ரேறிங் கையில் இருந்தால் விசர்.

கணக்கு ரீச்சர் என்பதால் கணக்குகளையும் போட்டு வைத்திருக்கிறேன். ஆள் ஒன்றுக்கு நாளைக்குக் குடிக்க மூன்று லீற்றர், சமைக்க, கோப்பை கழுவ, முகம் கழுவ என்று இரண்டு பேருக்குச் சிக்கனமாக 15 லீற்றர். நாலு நாளைக்கு மூன்று 20 லீற்றர் கான், அதாவது 60 கிலோ, எங்களோடு இன்னொரு ஆளை ஏற்றின மாதிரி. குளிப்பு கிணற்றிலோ குளத்திலோதான். நல்ல தண்ணீர் எல்லா இடத்திலும் வராது. பூநகரிப் பக்கம் உப்பு, வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்ப் பயத்தால் சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீர் வாங்கித்தான் குடிக்கிறார்கள். மின்சாரம் சுலபம். 15 வாற்ஸ் மின்விசிறி இரவு முழுக்க, இரண்டு மின்குமிழ், இரண்டு போன், எல்லாம் சேர்த்தும் 200 வாற்ஸ் மணித்தியாலத்துக்குள். 100 வாற்ஸ் சோலர் தகடு ஒன்றும் 100 ஆம்பியர் பற்றறி ஒன்றும் தாராளம், குளிர்சாதனப் பெட்டி கேட்காதவரைக்கும். மீனைக் கரையில் வாங்கி அன்றைக்கே சமைத்தால் குளிர்சாதனப் பெட்டி என்னத்துக்கு? அடுப்புக்கு 2.3 கிலோ காஸ் சிலிண்டர் போதும், ஆனால் 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்த காலத்தை நான் மறக்கவில்லை, சமையல் வானுக்கு வெளியேதான்.

எல்லாரும் கேட்க வெட்கப்படுவதும் பொம்பிளைகள் மட்டும் காதுக்குள் கேட்பதுமான கேள்வி கக்கூஸ். ஆம்பிளைகளுக்கு இந்த நாட்டில் எல்லாத் தெருவும் கக்கூஸ். நாங்கள் பஸ் நிறுத்துகிற முறிகண்டி வருமட்டும் அடக்குவோம், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறுவோம், அதனாலேயே வருத்தமும் வரும். அதோடு வன்னிக்காரிக்கு இன்னொரு பயம் உண்டு. தெருவை விட்டு இறங்கிப் பற்றைக்குள் போக என் கால் இன்றைக்கும் கூசும். சிவப்புத் தடியும் மண்டையோட்டுப் பலகையும் நட்டிருந்த காலத்தில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது "தாரில் இருந்து இறங்காதே" என்பதைத்தான். இப்போது பெரும்பாலான இடங்களில் மிதிவெடி எடுத்துவிட்டார்கள், ஆனால் என் காலுக்கு அதை எவரும் அறிவிக்கவில்லை. ஆகவே மூடியுள்ள வாளி ஒன்று, அதற்குள் மரத்தூள், வானின் பின்கதவுக்குத் திரை. மரத்தூளுக்குச் சொல்லி வைத்தாயிற்று. இதைப் படிக்கிற ஆம்பிளைகள் முகம் சுழிக்கலாம், முகாமில் கக்கூசுக்கு வரிசையில் நின்றவளுக்கு மரத்தூள் வாளி மாளிகை.

காலம்தான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை. இவருக்கு இரணைமடுத் தண்ணீரில் மூன்று ஏக்கர். ஐப்பசியில் விதைத்தால் மாசி வெட்டுமட்டும் ஆளை அசைக்கமுடியாது. அதுவும் சரிதான், வாடைக்காற்றோடு மழை கொட்டுகிற அந்த மாதங்களில் தகர வானுக்குள் இருப்பவர்கள் ஊறுகாய்தான். வெட்டு முடிந்து பங்குனியில் மலைநாட்டுப் பக்கம் ஏறலாம். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் மழை அந்தப் பக்கம், வெயில் இந்தப் பக்கம், அப்போது திருகோணமலையில் தொடங்கி அறுகம்பே வரைக்கும் கிழக்குக் கரை. இவருடைய நிபந்தனை, சிறுபோகத்துக்குத் தண்ணீர் தருகிற வருடங்களில் இந்தத் திட்டம் செல்லாது.

யானையும் உண்டு. ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம் இருட்டின பிறகு குளக்கரையில் நிறுத்துவது மடத்தனம், மருத மரத்து நிழல் எவ்வளவு வடிவாக இருந்தாலும்.

வான் விலையைச் சொன்னால் அழுகை வரும். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 மாசியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் வயதுபோன வான்களுக்கெல்லாம் இளமை திரும்பிவிட்டது. ஓடுகிற டொல்பின் ஒன்றுக்கு என்னிடம் கேட்ட விலை 52 இலட்சம். அதில் ஒரு கதவு கயிற்றால் கட்டியிருந்தது. 2022 ஆனியில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போன நாட்களிலும், அதற்குப் பிறகு கியூஆர் அட்டையைக் காட்டி எரிபொருளை அளந்து வாங்கின நாட்களிலும் இந்தக் கனவைக் கண்டிருக்கவே முடியாது. ஆகவே என் கண் அந்தப் பாலை மரத்தடி வானில்தான் நிற்கிறது. என்ஜின் தேடித் தருகிறேன் என்கிறான் பிள்ளை. இருக்கைகளை நிரந்தரமாகக் கழற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டி வரும், அதனால் கட்டிலைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரிச் செய்வோம் என்றும் சொல்கிறான். இரண்டு வருடம் இருக்கிறது. அவசரமில்லை.

இந்த வைகாசியில் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். ஒன்றுவிட்ட தம்பியின் ஹயர் ஓடுகிற வானை இரண்டு நாளைக்கு வாங்கி, பின் இருக்கைகளை இறக்கி, பாயும் நுளம்பு வலையும் போட்டு, வற்றாப்பளைப் பொங்கலுக்கு. இவருக்கு நேர்த்தி ஒன்று இருந்தது, இல்லாவிட்டால் வந்திருக்கமாட்டார். பஸ்ஸில் வருகிறேன் என்றுதான் நின்றார். பிறகு எதுவும் பேசாமல் முன் இருக்கையில் ஏறி பெல்ற்றைப் போட்டுக்கொண்டார். நான் ஓட்டினேன்.

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவுத் தெரு. அதே தெருதான். இந்தப் பதினாறு வருடத்தில் எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கிறேன், சனத்துக்குள் நெரிபட்டுக்கொண்டு ஒன்றையும் பாராமல். இப்போது கண்ணாடிக்கு முன்னால் முழுத் தெருவும் விரிந்து வந்தது, எனக்கு நல்ல புழுகம். விசுவமடு தாண்டும்போது இவர் வலது பக்கம் ஒரு வளவைக் காட்டி, "உதிலதான் ஓடு இறக்கினது" என்றார். நான் பார்த்தேன், எனக்குத் தெரியவே இல்லை. உடையார்கட்டில் "கதவு" என்றார். தேவிபுரத்தில் ஒன்றும் சொல்லாமல் விரலை மட்டும் நீட்டினார், அங்கே ஒரு கடை கட்டியிருந்தார்கள், தென்னை இல்லை. ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு மதகும் வருவதற்கு முன்னமே அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஒன்றுகூடப் பிடிபடவில்லை. ஏனென்றால் நான் பார்த்தது பின்னால் போன தெரு. அவர்தானே உழவு மெசின் ஓட்டினவர். முன்னால் வந்தது முழுக்க அவருக்கு வந்தது, பின்னால் நாங்கள் நாலு உயிர் என்று திரும்பிப் பார்க்கவும் முடியாமல்.

ஸ்ரேறிங் கையில் இருந்தால் எல்லாம் சரி என்று இவ்வளவு காலம் என்ன துணிவில் பேசிக்கொண்டிருந்தேனோ தெரியாது. வட்டுவாகல் பாலத்தில் முதலாவது கியரில் ஊர்ந்தபோது இருவரும் பேசவில்லை. நந்திக்கடல் இரண்டு பக்கமும் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

கோயிலடியில் ஒரே சனம். கடல்நீரில் விளக்கெரிகிற அம்மனைக் கும்பிட்டு, பொங்கி, படைத்து, சாமம் கடந்து வந்து பார்த்தால் எங்கள் வானைச் சுற்றி உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லொறிகளிலும் குடும்பம் குடும்பமாகப் படுத்திருக்கிறார்கள், ஒருவருக்கும் அதில் புதினம் இல்லை. ஒரு கிழவி எட்டிப் பார்த்து "நல்ல வசதியா வந்திருக்கிறாய் பிள்ளை" என்றாள். இவர் வானுக்குள் வர மறுத்து வெளியே மணலில் சாக்கு விரித்தார். மூன்று மணியிருக்கும், நுளம்பு தாங்காமலோ பனி தாங்காமலோ பக்கக் கதவை இழுத்துத் திறந்து "அங்கால அரக்கும்" என்றார். அரக்கினேன். ஒன்பதடி நீளம் இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும், அகலம்தான் ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்பவேண்டும்.

விடிய, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரம் இவர் வானைச் சுற்றி ஒருதரம் நடந்தார். குனிந்து அடியைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து மூடினார்.

"உதுக்குள்ள மண்வெட்டி வைக்க இடம் விடேல்லையே?"

"என்னத்துக்கப்பா மண்வெட்டி?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"மழை பெய்தா வானைச் சுத்தித் தண்ணி நிக்குமெல்லே. வாய்க்கால் வெட்டத்தான்."

வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை அளந்தேன். பிடி மூன்றரை அடி. கட்டிலுக்குக் கீழே குறுக்கே வைக்கலாம்.